காற்றைக் குளிப்பாட்டுகிறவர்

தண்ணீர் லாரி ஓட்டுநருக்குக் கிடைத்திருந்த வேலை மூவுலகிலும் யாருக்கும் கிடைத்திருக்காது. காலையில் எழுந்து காற்றைக் குளிப்பாட்ட வேண்டும். ஊர்க் காற்று முழுவதையும் அல்ல, அது யாராலும் ஆகாது. அந்தக் காற்றை ஒரு சட்டியில் அள்ளினால் அதிலுள்ள தூசியை வைத்தே நாலு வீட்டுச் சுவருக்குப் பூச்சு பூசலாம். நாற்சந்திக் கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கும் பெட்டி ஒன்று ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு மின்பலகை. காற்று நன்றாக இருந்தால் பச்சை எரியும், கெட்டிருந்தால் சிவப்பு. அந்தப் பெட்டியைச் சுற்றி மட்டும் குழாயைப் பிடித்து, பன்னீர் தெளிப்பதுபோலத் தெளிக்க வேண்டும். தூசி அடங்கும், பலகை பச்சையாகும், ஆபீசில் எல்லாரும் நிம்மதியாக டீ குடிப்பார்கள்.

"ஊருக்கு மூச்சு முட்டினா நமக்கென்னய்யா? பொட்டிக்கு முட்டக் கூடாது. அவ்வளவுதான்" என்பார் சூப்பர்வைசர்.

ஓட்டுநர் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! அவருக்கோ ராத்திரித் தூக்கம் என்பதே மறந்துவிட்டது. நாலு வயது மகள் சுண்டெலிக்கு இருமல். ஆள்தான் சுண்டெலி, இருமல் யானை. அவள் இரும ஆரம்பித்தால் மூன்றாவது வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடனமாடும். இருமி முடித்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். அவரும் மனைவியும் முறை போட்டு அவளைத் தோளில் நிமிர்த்திவைத்துக்கொண்டே விடியவைப்பார்கள். "புகையில, தூசியில விடாதீங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் கொசுவத்தி கிடையாது, ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி. அப்படியும் விசில் நிற்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பாலர் பள்ளி டீச்சர் போன் செய்தார். நாற்சந்திக்கு அடுத்த தெருவில்தான் பள்ளி, தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. ஓட்டுநர் ஓடிப்போய்ப் பார்த்தால், சுண்டெலி டீச்சர் மடியில் உட்கார்ந்து, தோள்பட்டை ஏறி இறங்க மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருந்துக் குப்பியை முகமூடியில் பொருத்தி அழுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது.

"ஏன் டீச்சர் வெளிய விட்டீங்க? அவளுக்கு ஆகாதுன்னு சொன்னேனே!"

"பச்சை எரிஞ்சுது சார்!" டீச்சர் வாசலைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் பலகை பளிச்சென்று தெரிந்தது. "தெனமும் அதப் பாத்துட்டுத்தான் கதவத் திறக்கறேன். சிவப்புன்னா உள்ளயே வெச்சுக்குவேன். ஆனா உள்ளயும் எவ்வளவு நேரம் வெக்கறது? கூரையப் பாருங்க, புள்ளைங்க இட்லி மாதிரி வேகுதுங்க."

அதுவும் நிஜம். போன வருஷத்து வெயில் காலி செய்வதற்கு முன்பே இந்த வருஷத்து வெயில் மூட்டை முடிச்சோடு வந்திறங்கி, இரண்டும் கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மழையோ விலாசம் தொலைத்துவிட்டு எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவள், கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"தண்ணி தெளிச்சு விட்டுட்டாங்கன்னு பேச்சுக்குச் சொல்லுவாங்க. நீங்க பெத்த புள்ளைக்கு லாரி வெச்சுத் தெளிச்சிருக்கீங்க!"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நாளைலேர்ந்து போகல. போதும்."

"போகலைன்னா? வேற ஆள் ஏறுவான். அவனும் பச்சைதான் காட்டுவான். மொதல்ல அந்த டீச்சர்ட்ட போய்ச் சொல்லுங்க. வேலை போனா போவுது, நான் ரெண்டு மணி நேரம் கூடத் தைக்கறேன்." சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கூடுதல் தையலை இப்போதே தைத்து முடித்தவள்போல இருந்தது அவள் முகம்.

மறுநாள் காலை நாற்சந்தியில் நிற்காமல் லாரியை நேராகப் பள்ளித் தெருவுக்கு விட்டார். டீச்சரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்தார். அவரோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் இத்தனை நாளா..." என்றவர் முடிக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் புழுக்கத்தில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு உள்ளதான் வெச்சுக்கணும். புள்ளைங்க வெந்துருங்களே சார்?"

ஓட்டுநர் கூரையைப் பார்த்தார். பிறகு குழாயைத் தூக்கித் தகரத்தின் மேல் பீய்ச்சினார். ஆயிரம் தோசைக் கல்லில் ஒரே நேரத்தில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சத்தம். ஆவி எழும்பித் தெருவையே மறைத்தது. உள்ளே கூச்சல் கிளம்பியது. "மழை! டீச்சர், மழை!" அந்தக் கூச்சலுக்கு நடுவே சுண்டெலியின் குரலும் கேட்டது. இருமல் இல்லாத குரல்.

நாற்சந்தியில் பலகை சிவந்தது. கூடவே போன் அடித்தது.

"யோவ், எங்கய்யா இருக்கே? இங்க செக்கச்செவேல்னு எரியுது! ஆபீஸே அலறுது!"

"தண்ணி தீந்துபோச்சு சார்."

"எங்கய்யா ஊத்தினே?"

"தேவைப்பட்ட எடத்துல."

"நாளைக்கு வண்டிச் சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்துரு."

"சரி சார்."

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நாளைக்கு மறுபடியும் பச்சையா?"

"பச்சைதான். நம்பாதீங்க."

"சிவப்புன்னாலும் விட முடியாது. பச்சைன்னாலும் விட முடியாது." டீச்சர் நெற்றியைத் துடைத்தார். "அப்புறம் எப்பதான் சார் இதுங்கள வெளிய விடறது?"

ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார். கூரை அதற்குள் ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது. தீர்ந்துபோனதாகச் சொன்ன தண்ணீர், லாரித் தொட்டியில் இன்னும் பாதி இருந்தது. அவர் மறுபடியும் குழாயைத் திறந்தார்.