பூட்டிய பதில்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறேன். துணி வெளுக்கவும் இஸ்திரி போடவும் வேண்டிய நீராவி என் அறையிலிருந்துதான் போகிறது. பதினொரு வருஷமாக இதே வேலை, ஆனால் காகிதத்தில் நான் உதவியாள்தான். ஆபரேட்டர் சான்றிதழ் வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். புத்தகமோ தலையணை கனம். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து படிக்க இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினேன். ஆறு பேரில் ஆரம்பித்தது, நூற்று நாற்பது பேர் ஆனது. யாருக்கும் யார் முகமும் தெரியாது. அவரவர் பாய்லர் இருக்கும் இடமே அவரவர் பெயர். நான் ‘சலவை’. பிஸ்கட் கம்பெனிக்காரர் ‘பிஸ்கட்’. துணிக்குச் சாயம் போடும் ஆலைக்காரர் ‘சாயம்’.

சட்டம் நான் வைத்ததுதான். ஒருவர் கேள்வி போடுவார், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். ஒரு பதிலுக்கு மூன்று பேர் ‘சரி’ போட்டுவிட்டால் அதைப் பூட்டிவிடுவேன். அதற்குப் பிறகு அதில் யாரும் ஒரு வரி சேர்க்க முடியாது, அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். பகல் முழுக்க வெக்கையில் வெந்துவிட்டு வருகிறவர்களுக்கு விவாதம் எதற்கு, விடை போதும் என்பது என் கட்சி.

இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் ‘சந்தேகம்’. டயர் பட்டறைக்காரர். ‘டயர்’ என்றுதான் சேர்ந்தார். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைந்ததால் நாங்கள் பெயரை மாற்றிவிட்டோம். மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை, அதையே பெயராகப் போட்டுக்கொண்டார். சேர்ந்த அன்றே தன் நிலைமையை எழுதியிருந்தார். இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள், ஆகவே இதுதான் கடைசி. இந்தத் தடவையும் சான்றிதழ் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகப் பட்டறை முதலாளி சொல்லிவிட்டாராம்.

வினை ஒரு சின்னக் கேள்வியில் வந்தது. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? இதுதான் கேள்வி. ‘உடனே பம்பைப் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும்’ என்று நான் எழுதினேன். தினமும் செய்வதுதானே! மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கள் கை தானாகப் பம்புக்குப் போகும். பிஸ்கட் சரி என்றார், சாயம் சரி என்றார், இன்னொருவரும் சரி என்றார். பூட்டினேன்.

சந்தேகம் சும்மா இருப்பாரா? தனியாக ஒரு புதுப் பேச்சைத் தொடங்கிவிட்டார். மட்டம் இறங்குவது வேறு, தண்ணீர் தெரியாமலே போவது வேறு என்றார். தெரியாமல் போனால் உள்ளே இரும்பு காய்ந்து பழுத்திருக்கும், அதன்மேல் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும், அதனால் முதலில் தீயைத்தான் அணைக்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதியிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. அதை அழித்துவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி போட்டேன்: “பூட்டுன வீட்டுக் கதவ வந்து தட்டாதீங்க. மூணு பேரு சரின்னு சொன்னதவிட உங்க ஒரு பட்டறை பெருசா?”

முப்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதோடு விடாமல், பதினைந்து நாள் அவர் மன்றத்தில் எழுத முடியாதபடி தடையும் போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கக்கா என்று தனியாக ஒரு செய்தி அனுப்பினார். பதில் போடவில்லை.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, பாய்லருக்குத் தீ கொடுக்கும் பர்னர் அடிக்கடி நின்றது. காரணம் தேடி, பாய்லர் பக்கத்தில் கம்பியில் தொங்கும் கம்பெனிக் கையேட்டைப் புரட்டினேன். எண்ணெய்க் கறைக்கு நடுவே அந்த வரி கிடந்தது. கண்ணாடியில் தண்ணீர் தெரியாதபோது எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஏற்றக் கூடாது, முதலில் தீயை நிறுத்து. மூன்று தடவை படித்தேன். பதினொரு வருஷமாக என் தோளில் இடித்துக்கொண்டு தொங்கிய புத்தகம் அது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இப்பவே மன்றத்துல போட்டுடு. தப்புன்னு ஒத்துக்கிட்டா தலையா போயிடும்?”

எத்தனை கேள்வி இருக்கிறது, இதுதான் வரப்போகிறதா என்று சொன்னேன். பரீட்சை நேரத்தில் பூட்டியதைத் திறந்தால் எல்லாப் பதில் மேலும் சந்தேகம் வந்துவிடும், ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்றும் சொன்னேன். அவள் மடித்த துணியை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உண்மை என்ன? அந்த முப்பது பேர் இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன், அவ்வளவுதான். போனைக் கையில் எடுத்தேன். மன்றத்தில் அந்தப் பதில் இருந்த பக்கத்தைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. பத்து மதிப்பெண். ‘முதலில் தீயை நிறுத்த வேண்டும்’ என்று எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். காரணம் முழுக்க அந்த மனுஷர் சொன்னதுதான். அன்று சாயங்காலமே பூட்டைத் திறந்து, பதிலைத் திருத்தி, யாருக்கும் சொல்லாமல் மறுபடி பூட்டினேன்.

முடிவு வந்தது. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. எனக்கு அறுபத்து மூன்று. பிஸ்கட்டும் சாயமும் தட்டுத்தடுமாறிக் கரையேறிவிட்டார்கள். மன்றம் முழுக்க எனக்கு வாழ்த்து, நன்றி, பூங்கொத்துப் படம். மதியம் சந்தேகத்திடமிருந்து தனிச்செய்தி வந்தது. வாழ்த்துக்கள்க்கா, எனக்கு நாற்பத்து நாலு, இன்னும் ஆறு இருந்திருந்தால் ஆகியிருக்கும் என்று எழுதியிருந்தார். பட்டறையில் மாதக் கடைசி வரைதான் வேலை என்று சொல்லிவிட்டார்களாம்.

பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்தக் கண்ணாடிக் கேள்விக்கு என்ன எழுதுனீங்க?”

“தண்ணி ஏத்தணும்னுதான்க்கா.”

“உங்களுக்குத்தான் சரியா தெரியுமே?”



“தெரியும்னுதான் நெனச்சேன். ஆனா ரெண்டு தடவ என் புத்தியக் கேட்டுத்தான தோத்தேன். இத்தன பேரு சேர்ந்து சொல்றப்ப நான்தான் தப்பா இருப்பேன்னு, எழுதுனத அடிச்சிட்டு உங்க பதில எழுதிட்டேன். இப்ப திருத்திட்டீங்க போல, பார்த்தேன். நல்லதுக்கா, அடுத்து வர்றவங்களுக்கு ஆகும். நீங்க அதுக்கு என்ன எழுதுனீங்க?”

நான் போனில் உண்மையைத் தட்டினேன். ‘நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்’ என்று முழுதாகத் தட்டினேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

“நானும் தண்ணி ஏத்தணும்னுதான் எழுதுனேன்.”

உடனே பதில் வந்தது.

“அப்பாடா. இப்பதான்க்கா மனசு ஆறுச்சு. உங்களுக்கே தப்பிருக்கு, நான் எம்மாத்திரம்?”