பழைய பொயிண்ட்

இறம்பொடைக்கு மேலே இருக்கும் பெரிய பங்களா இப்போது ஹோட்டல். வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்க அங்கே ஒரு பழைய மொரிஸ் மைனர் நிற்கிறது. வெயிலில் ஒழுங்காக ஓடும். பனிமூட்டம் இறங்கினால் அசையாது. இறம்பொடையில் என்றைக்குத்தான் மூட்டம் இல்லை? டிரைவர் இராயப்பன் வந்து பானெட்டைத் திறந்து, ஈரத்தைத் துடைத்து, தீப்பொறி கிளப்பும் பொயிண்டின் கருகிய முகத்தை நெருப்புப் பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்தால்தான் அதற்கு உயிர் வரும். வேறு யார் தொட்டாலும் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் இராயப்பனுக்கு அதில் பெருமைதான். பதினொரு வருடத்தில் அந்தப் பெருமையே கால்கட்டாகிவிட்டது. லீவு கேட்டால் மேனேஜர் திலக்ஷன் சிரித்தபடியே கையை விரிப்பார். வட்டவளையில் மகள் டெல்சிக்குப் பிள்ளை பிறந்து நான்கு மாதம். பேரனை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்கும் போகாவிட்டால் அவர் என்ன தாத்தா?

"அண்ணே, நீங்க போயிட்டா வண்டிய யாரு கிளப்புறது?" என்றார் திலக்ஷன்.

அந்தக் கேள்விக்கே முடிவு கட்ட இராயப்பன் துணிந்தார். கண்டி பஸ் கண்டக்டரிடம் சொல்லிப் புது பொயிண்டும் அதோடு மாற்றவேண்டிய கண்டென்சரும் வரவழைத்தார். வெள்ளிக்கிழமை காலை பழையதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்தார். புதிய பொயிண்டின் இரண்டு முனைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடவேண்டும். அளக்கும் தகடு எப்போதோ தொலைந்துவிட்டது. டெல்சியின் கலியாணக் கார்டில் ஒரு கீற்று வெட்டிச் செருகி, அது உரசியும் உரசாமலும் வெளியே வரும்வரை திருகாணியோடு மல்லுக்கட்டினார்.

எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூட்டம். திலக்ஷனே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அவருக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில் மனதில் இருந்ததையும் கொட்டிவிட்டார்.

"நல்லதாப் போச்சுண்ணே. ஞாயித்துக்கிழம தாராளமா போங்க. இனி வேன் ஓட்டுற லோஜனே இதையும் பாத்துக்குவான். நீங்க மக வீட்டுலயே நிம்மதியா இருங்க. மாசக் கடைசியில வீட்ட மட்டும் குடுத்தாப் போதும்."

டிரைவர் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். டெல்சி இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் மாமனாரின் ஒற்றை அறைக் காம்பராவில், அங்கே ஏற்கெனவே ஆறு பேர். இராயப்பன் மனைவி பெற்றீசியாவிடம் லீவு கிடைத்ததை மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை, வண்டியைத் துடைக்கிற சாக்கில் பானெட்டைத் திறந்தார். புது பொயிண்டைக் கழற்றிவிட்டு, கருகிய பழையதைத் தன் கையாலேயே மாட்டினார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் பெற்றீசியா பேரனுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டு நின்றாள். கீழே லோஜன் ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்து ஓய்ந்துகொண்டிருந்தான்.

"சரியாக்கிட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"சரியாகல. நீ போயிட்டு வா. புள்ளைக்கு நான் குடுத்ததா ஒரு முத்தம் குடு."

பஸ் அவளை ஏற்றிக்கொண்டு மூட்டத்துக்குள் போனது. திலக்ஷன் கூப்பிடும்வரை இராயப்பன் காத்திருக்கவில்லை. நெருப்புப் பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.