எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர்

குருநகரில் அருட்பிரகாசத்தின் வீட்டு வளவில் மூன்று நாளாக ஒரு ஜெட் ஸ்கீ படங்குச் சீலை போர்த்திக் கிடந்தது. அதே மூன்று நாளாக அவருடைய மனைவி ஜெயகௌரி அவரோடு கதைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக் கடலில் ஒரு வட்டம் காட்டலாமென்று அந்தப் பழைய வண்டியை அவர் வாங்கியிருந்தார். ஓட்டுவது மச்சான் ஜெரிசன், ஜெயகௌரியின் தம்பி. போன ஞாயிறு பின்னேரம் அவன் நன்றாக ஓட்டிக்கொண்டு வந்து கரையேற்றிவிட்டுப் போனான். திங்கள் காலையில் பொத்தானை அமத்தினால் 'டுக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. துறையில் படகுகளின் அவுட்போட் எஞ்சின் திருத்துகிறவர்கள் வந்து பார்த்தார்கள். பெடியன் கடலுக்குள் கவிழப் பிரட்டியிருக்கிறான், உப்புத் தண்ணீர் போய் எஞ்சின் இறுகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அருட்பிரகாசம் நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். பிரட்டவில்லை என்று அவன் மாதாவின் மேல் சத்தியம் செய்தான். "பொய் சொல்லாதை," என்றார், அவனுடைய பிள்ளைகளுக்கு முன்னால். அதற்குப் பிறகு ஜெரிசன் மன்னாரில் ஒரு படகில் வேலை கேட்டு எடுத்து, வியாழன் பின்னேர பஸ்ஸுக்குப் பையும் கட்டிவிட்டான்.

இன்று வியாழன். காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

ஜெயகௌரி தன்பாட்டில் போன் பண்ணி அழைத்திருந்தாள். வந்தவள் கஜானி, அச்சுவேலியில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின்களும் லாண்ட்மாஸ்டர் உழவு மிசின்களும் திருத்துகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் நட்டுக் கழற்றும் சாவிகளின் பெட்டி. அருட்பிரகாசத்தின் முகம் சுருங்கியது.

"தங்கச்சி, இது வெங்காயத்துக்குத் தண்ணி விடுற மிசின் இல்லை."

"ஓம் அண்ணை. அது நிண்டால் வெங்காயம் செத்துப்போம். இது நிண்டால் ஒண்டும் சாகாது. ஆறுதலாப் பாப்பம்."

ஆறுதலாகத்தான் பார்த்தாள். மற்றவர்கள் வந்ததும் வராததுமாகக் கையை உள்ளே விட்டவர்கள். இவள் அரை மணித்தியாலம் ஒரு சாவியும் எடுக்கவில்லை. பொத்தானை ஒரே ஒருமுறை அமத்தச் சொல்லி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். வண்டியின் திரையில் வெளிச்சம் மங்குகிறதா என்று பார்த்தாள். பற்றரியில் பிழையில்லை என்றாள். பிறகு வண்டியின் பின்பக்கத்தை ரயர்களின் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, மணலில் மல்லாந்து படுத்து, தண்ணீரை இழுக்கிற வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டாள். கயிறோ சாதாளைக் கடற்புல்லோ சுற்றியிருந்தாலும் எஞ்சின் சுற்றாதாம். ஒன்றுமில்லை. உள்ளே இருந்த விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினாள். கொஞ்சம் போய் நின்றது. மற்றப் பக்கம் திருப்பினாள். வந்து, அங்கேயும் ஓரிடத்தில் நின்றது.

"இறுகேல்லை அண்ணை. இறுகினதெண்டால் அசையவே அசையாது. உள்ளுக்கை ஏதோ இருந்து தடுக்குது."

அவருக்குத் தன்னை அறியாமலே ஒரு மரியாதை வந்தது. அவரும் குந்தி இருந்து பார்க்கத் தொடங்கினார்.

மூன்று பிளக்கையும் அவள் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்தாள். மூன்றும் நனைந்திருந்தன. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமத்தினாள். இதுவரை 'டுக்' என்றது இப்போது கடகடவென்று சுற்றியது. பிளக் துவாரங்களால் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டு அருட்பிரகாசம் போட்டிருந்த சேட்டையும் நனைத்தது.

"பாத்தீரே," என்றார் மனைவியிடம். "உம்மடை தம்பி பிரட்டினதுதான்."

ஜெயகௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கஜானி எஞ்சினின் மேல் தேங்கியிருந்த தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டு, நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"அண்ணை, நீங்களும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ. என்ரை நாக்கு தோட்டக்கார நாக்கு. உப்பு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் தொட்டு வைத்தார். பெற்றோல் கைத்தது. அதற்குக் கீழே நாக்கு உப்பைத் தேடியது. இல்லை. இன்னொரு இடத்தில் தொட்டு வைத்தார். அங்கேயும் இல்லை. அவர்கள் வீட்டுக் கிணற்றின் சவர்கூட இல்லை. பவுசர் லொறியில் வந்து வீட்டுத் தாங்கியில் நிற்கிற நல்ல தண்ணீர்.

"கடைசியா ஆர் அண்ணை கழுவினது?" என்று கஜானி கேட்டாள்.

உப்புப் போகக் கழுவுகிற வேலை எப்போதும் ஜெரிசனுடையது. வேறு ஒருவரையும் அவன் தொடவிடமாட்டான். ஞாயிறு அவன் மாதா கோவிலில் நடந்த மகளின் முதல்நன்மை ஒத்திகைக்கு அவசரமாகப் போனதால், வந்து கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் இவரே எஞ்சினில் ஹோஸைப் பூட்டி, முப்பது வருடம் படகின் அவுட்போட் கழுவிய பழக்கத்தில் முதலில் பைப்பைத் திறந்தார். பொத்தானை அமத்தப் போகக் கனடாவிலிருந்து தமக்கையின் போன். கதைத்து முடிக்கக் கால் மணித்தியாலம் ஆயிற்று. தண்ணீர் போதுமளவு ஓடிவிட்டதென்று, எஞ்சினை எழுப்பாமலே பைப்பைப் பூட்டிவிட்டுப் படங்கைப் போர்த்தார். ஜெரிசன் திரும்பி வந்தபோது, "எல்லாம் கழுவியாச்சு," என்று பெருமையாகச் சொன்னதும் நினைவில் வந்தது.

"நான்தான்," என்றார்.

கஜானி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பிளக் ஒன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவுட்போட்டுக்கு நீங்கள் செய்ததுதான் சரி. தண்ணி வராமல் ஓடினால் அதின்ரை பம்ப் எரிஞ்சு போம். இது எதிர் அண்ணை. எஞ்சின் ஓடினால்தான் புகைக்குழாய் தண்ணியை வெளியிலை துப்பும். ஓடாமல் திறந்துவிட்டால் அது நிரம்பித் திரும்பி உள்ளுக்கை ஏறி எஞ்சினைச் சுத்த விடாது."

ஒயிலைப் பார்த்தாள், வெளுக்கவில்லை, தண்ணீர் அதில் கலக்கவில்லை. மிச்சத் தண்ணீரையும் சுற்றி வெளியேற்றி, துவாரங்களுக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, பிளக்குகளை உலர்த்திப் பூட்டினாள். நாலாம் தரம் அமத்த எஞ்சின் வெள்ளைப் புகையைத் துப்பிக்கொண்டு எழும்பியது. உடனேயே நிற்பாட்டினாள். கடலில் வைத்து நல்லாச் சூடேற ஓட்டினால்தான் உள்ளே இருக்கிற ஈரம் முழுக்கப் போகும், இன்றைக்கே ஓட்டவேணும், ஓட்டத் தெரிந்த ஆள் ஆர் என்று கேட்டாள்.

ஜெயகௌரி மூன்று நாளுக்குப் பிறகு புருஷனைப் பார்த்துக் கதைத்தாள். "மூண்டு மணிக்கு பஸ்."

அருட்பிரகாசம் சேட்டு மாற்றவில்லை. எஞ்சினின் மேல் கிடந்த தண்ணீரை ஒரு சிறு போத்தலில் வடித்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஜெரிசன் பையோடு வாசல் படலையடிக்கு வந்துவிட்டான். பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே போத்தலை நீட்டினார்.

"உன்ரை எஞ்சினுக்கை இருந்தது. நாக்கிலை வைச்சுப் பார், மச்சான்."

ஜெரிசன் அவரைச் சந்தேகமாகப் பார்த்தான். தொட்டு வைத்தான்.

"நல்ல தண்ணி."

"ஓம். நீ பொய் சொல்லேல்லை. நான்தான் கழுவிக் கெடுத்தனான்." பிள்ளைகளையும் பார்த்துத்தான் சொன்னார்.

அவன் போத்தலைத் திருப்பிக் கொடுத்தான். ஆர் கண்டுபிடித்தது என்று கேட்டான். அச்சுவேலிப் பிள்ளை ஒன்று, பிழை தேடுகிற கணினி ஒன்றும் பூட்டாமல், காதாலும் கையாலும் நாக்காலும் கண்டுபிடித்தது என்று தன்னுடைய சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல அவர் சொன்னார்.

"அவ சொல்லித் தந்தவவே? கழுவேக்கை முதல் எது?"

"எஞ்சின். பிறகுதான் தண்ணி."

"நிப்பாட்டேக்கை?"

அருட்பிரகாசம் கொஞ்சம் தடுமாறினார். "தண்ணி... முதல் தண்ணியைப் பூட்டவேணும். பிறகு எஞ்சின்."

ஜெரிசன் பையை மூத்த மகளின் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளின் பின்னால் ஏறினான்.