ஐ வில் கெட் பேக் டு யூ

முப்பத்து மூன்று வயதில் நவநீதகிருஷ்ணனுக்கு ஒரு பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதற்கு முன் பார்த்த பதினொரு பெண் வீட்டாரும் தமிழில்தான் சொல்லியிருந்தார்கள்: "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க." அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள்.

ராசிபுரத்துத் தனப்பிரியாவுக்குப் பெங்களூரில் கணினி வேலை. இவனுக்கு நாமக்கல் பக்கம் நாலாயிரம் கோழி. காபியைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "ஐ வில் கெட் பேக் டு யூ."

வீடு திரும்பியதும் செல்போனில் பொருள் பார்த்தான். 'பிறகு பதிலளித்தல்' என்றிருந்தது. கீழே ஆறு உதாரணங்கள். ஆறிலும் யாரோ ஒரு நல்லவர் பதிலளித்துக்கொண்டிருந்தார்.

"கண்டிப்பாப் பதில் வருமாம், அம்மா."

"பதினோரு பேரு சொன்னதைத்தான் இவளும் சொல்லியிருக்கறா, சாமி" என்றாள் அம்மா பொன்னாத்தாள். "இங்கிலீசுல சொன்னா மட்டும் பொண்ணு ஊட்டுக்கு வந்துருமாக்கும்?"

அதே வாரம் இளம்பிள்ளையிலிருந்து செங்கோட்டையன் என்பவர் தானாகவே கூப்பிட்டார். மகள் மைதிலி பள்ளிக்கூட டீச்சர். கோழி நாற்றம் பரவாயில்லை என்று பெண்ணே சொல்லிவிட்டாளாம். "பையனுக்குச் சம்மதமுங்களா?"

போனைப் பொத்திக்கொண்டு பொன்னாத்தாள் கெஞ்சினாள். "சரின்னு சொல்லிப்போடட்டுமா?"

"பெங்களூர்ப் பதில் வரட்டும். கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு சொல்லுங்க."

சொன்னாள். "சரிங்க" என்று செங்கோட்டையன் போனை வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு நாள் குளிக்கும்போதுகூட போனை ஜன்னலில் வைத்திருந்தான். இருபத்து மூன்றாம் நாள் தனப்பிரியாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு மோதிரம் வந்தது. கூடவே மாப்பிள்ளையின் கையும்.

அவனே செங்கோட்டையனைக் கூப்பிட்டான். "எங்களுக்குச் சம்மதமுங்க, மாமா."

"ஏனுங்க தம்பி, நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே?"

"அப்படிச் சொல்லலீங்களே. கலந்து பேசிட்டு..."

"அதைத்தானுங்க சொன்னீங்க" என்றார் பொறுமையாக. "பொண்ணு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலீங்க. போன வாரந்தான் சங்ககிரியில ஒரு லாரிக்காரரு பையனுக்கு உறுதி பண்ணுனோம். வைகாசி பத்தாந்தேதி கண்ணாலம். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

போனை வைத்தபோது பொன்னாத்தாள் எதிரே நின்றிருந்தாள். "என்னப்பா சொல்றாங்க?"

"வைகாசி பத்தாந்தேதி கண்ணாலம்ங்கறாங்க."

"அதுக்குள்ள தேதியே குறிச்சுட்டாங்களா!" பொன்னாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினாள்.

அவளைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான் நவநீதகிருஷ்ணன். அதற்குள் தெரு முனை வரை செய்தி போய்விட்டது.