மூன்று மணி நேரம் அசையாத முள்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும் என்று அக்கா சொல்வாள். அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே என் இரண்டு காதும் சிவந்துவிட்டன. வெளியே மைனஸ் எட்டு டிகிரி. அக்கா இரெனாவின் சமையலறையில் அவள் கணவர் லூட்சியன் கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, கண்ணாடி கிளாஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா. நல்லா தூங்கினீங்களா? நாங்க கோட்டோட தூங்கினோம்."

"ஒரு ராத்திரிதானே அத்தான். கண்டுபிடிக்கணும்னா பாய்லரை நிறுத்தித்தான் ஆகணும்."

"கண்டுபிடி, கண்டுபிடி. பன்னண்டு மணிக்கு ப்ரோனெக் வர்றான், தரைய ஒடைக்க. அவன் எப்படியும் கண்டுபிடிச்சிடுவான்."

இந்த வீட்டுக்கு வெப்பக் குழாய் போட்டது நான். ஆகஸ்டில், தனியாக. நான் போட்ட முதல் முழு வீடு. பாய்லரில் சூடாகும் தண்ணீர் தரைக்கு அடியில் ஓடி, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு மறுபடி பாய்லருக்கே வரும். அடைத்த சுற்று, ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. பாய்லரின் முகத்தில் அழுத்தம் காட்டும் முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். ஆனால் நவம்பரில் குளிர் இறங்கியதிலிருந்து நாலைந்து நாளுக்கு ஒருமுறை முள் அரைக்கு விழுந்து, பாய்லர் படுத்துவிடுகிறது. அக்கா குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றுவாள். மறுபடி விழும். வீட்டில் எங்கேயும் ஈரம் இல்லை.

ஈரம் இல்லையென்றால் தரைக்கு அடியில்தான் ஒழுகுகிறது என்பது அத்தானின் தீர்ப்பு. தரைக்கு அடியில் மூட்டே கிடையாது, ஒரே சுருளாக இழுத்திருக்கிறேன் என்று நான் தலையில் அடித்துச் சொன்னேன். அவர் கேட்டால்தானே! மதுக்கடையில் போய், "கொழுந்தியா போட்ட குழாய் சல்லடை மாதிரி ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பொம்பளை குழாய் போடுகிறாளா என்று சிரிப்பதற்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே நூறு பேர் உண்டு. ப்ரோனெக்கின் சுத்தியல் அந்தத் தரையில் இறங்கிவிட்டால், கீழே ஒன்றும் இல்லாவிட்டால்கூட, யாரும் என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரமே பாதி வேலையை முடித்திருந்தேன். அழுத்தம் எகிறினால் தண்ணீரை வெளியே துப்பும் வால்வு ஒன்று உண்டு. அதன் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்தேன். பை காய்ந்தே கிடந்தது. சூடான தண்ணீர் விரியும்போது இடம் கொடுக்கும் காற்று டப்பாவின் முனையை அழுத்திப் பார்த்தேன். காற்றுதான் வந்தது, தண்ணீர் இல்லை. அதுவும் நல்லவன்தான். ஆகவே நேற்று ராத்திரி பாய்லரை நிறுத்தி, அதிலிருந்து போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் பூட்டினேன். குற்றவாளி பாய்லரா, வீட்டுக் குழாயா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

காலையில் பாய்லரின் முள் ஒன்றரையிலேயே நின்றது. பாய்லர் நிரபராதி. பூட்டைத் திறந்தேன். முள் சரசரவென்று இறங்கி பூஜ்ஜியம் புள்ளி ஏழில் போய் நின்றது.

"ஆஹா!" என்று அத்தான் மேஜையில் தட்டினார். "அப்போ குழாய்தான்! உன் குழாய்!"

எனக்கே சந்தேகம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரே ராத்திரியில் இவ்வளவா? பாய்லர் எரியும் நாளில்கூட இத்தனை விழுந்ததில்லையே!

"ஒடைக்கிறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் குடுங்க" என்றேன்.

"குடுத்துடு லூட்சியன்" என்றாள் அக்கா. "பன்னண்டு வரைக்கும் அந்த சுத்தியல் எப்படியும் வரப்போறதில்ல."

பாய்லரின் இரண்டு குழாய்களையும் மறுபடி பூட்டி, வீட்டுக் குழாய்களில் கைப்பம்பை மாட்டினேன். அழுத்தினேன். ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. சாதாரண நாளில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் இந்த அழுத்தத்தில் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பம்பின் முள்ளுக்கு நேராகக் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்கு முள் கோட்டில். பத்தரைக்கு முள் கோட்டில். அக்கா கசகசா கேக்கை வெட்டிக் கொடுத்தாள். எந்தப் பக்கம் கடித்தேன் என்றுகூடத் தெரியாமல் தின்றேன். பதினொன்றரைக்கும் முள் அந்தக் கோட்டைவிட்டு மயிரிழைகூட நகரவில்லை! நான் எழுந்து கத்தியே விட்டேன்.

"பாருங்க! மூணு மணி நேரமா முள் செத்துப்போன மாதிரி நிக்குது! என் குழாய் ஒழுகல!"

"அப்போ ராத்திரி தண்ணி எங்க போச்சு? பறந்து போச்சா?" என்றார் அத்தான்.

நல்ல கேள்வி. மனுஷன் என்னைக் கேலி செய்யத்தான் கேட்டார், ஆனால் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஒழுகும் குழாய், ஆள் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருக்குமா? தண்ணீர் ஒழுகவில்லை. அப்படியானால் யாரோ அதை வெளியே விடுகிறார்கள்.

"அக்கா, நான் எழுதச் சொன்ன தாள் எங்கே?"

இரண்டு வாரமாக ராத்திரி படுக்கும் முன்பும் காலை ஏழு மணிக்கும் முள்ளைப் பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒருநாள்கூட விடாமல் எழுதியிருந்தாள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பகலில் ஒருமுறைகூட இறங்கவில்லை. எல்லா இறக்கமும் ராத்திரிக்கும் காலை ஏழு மணிக்கும் நடுவில்தான். அதிலும் இரண்டு காலையில் இறக்கமே இல்லை. பதினான்காம் தேதி, பதினைந்தாம் தேதி.

அந்த இரண்டு வரிகளின் மேல் விரலை வைத்தேன்.

"பதினாலு, பதினஞ்சு. அன்னிக்கு வீட்ல என்ன விசேஷம்?"

அக்கா யோசித்தாள். "ஒண்ணுமில்லையே. நான் இருந்தேன். இவர்தான் லுப்ளின் போயிருந்தார், ஆபீஸ் வேலையா. ரெண்டு ராத்திரி."

நாங்கள் இருவரும் மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினோம்.

"என்னை ஏன்டி பாக்குறீங்க? நான் பாய்லர் பக்கமே போறதில்ல!"

அது உண்மைதான். ஆனால் தண்ணீரை வெளியே விட பாய்லர் பக்கம் போக வேண்டியதில்லை. நான் மாடிப்படியில் ஓடினேன். வெப்பச் சுற்றின் உச்சி மாடியில் இருக்கிறது. குளியலறையில் ஒரு ரேடியேட்டர், படுக்கையறையில் ஒன்று. ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேவிட, குட்டிச் சாவியால் திறக்கும் ஒரு சின்னத் திருகு உண்டு. கீழே எல்லாத் திருகுகளும் நான் வைத்தபடியே புதிதாக இருந்தன. மேலே இந்த இரண்டும் மட்டும் தேய்ந்து பளபளத்தன. குளியலறைத் திருகின் கீழே சுவரில் கறுப்பாக ஒரு தெறிப்பு, குழாய்க்குள் சுற்றிச் சுற்றிக் கறுத்த தண்ணீர். கீழே ஓடிவந்து கையை நீட்டினேன்.

"அத்தான்! உங்க சாவிக்கொத்தைக் குடுங்க!"

"கார் சாவி எதுக்கு?"

பையிலிருந்து அவர் எடுத்த கொத்தில் கார் சாவி, வீட்டுச் சாவி, அவற்றுக்கு நடுவே பித்தளையில் ஒரு குட்டிச் சதுரச் சாவி. ரேடியேட்டர் திருகைத் திறக்கும் சாவி!

"இது என்ன?"

"இதுவா? காத்த வெளிய விடுற சாவி. சின்ன வயசிலேர்ந்து எங்கிட்டதான் இருக்கு." அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. உண்மையைச் சொன்னால் பெருமைதான் இருந்தது. "நாங்க அடுக்குமாடில கடைசி, பத்தாவது மாடி, தெரியும்ல? பத்து மாடிக் காத்தும் எங்க வீட்டு ரேடியேட்டர்ல வந்துதான் நிக்கும். காத்த விடலன்னா கீழ இருக்கிற எல்லாருக்கும் குளிரும். காலைல கரண்டியால குழாயத் தட்டுவாங்க, டங் டங்னு. நான் எழுந்து சாவியப் போடுவேன். இருபத்திரண்டு வருஷம். இப்பவும் காலைல அஞ்சரைக்கு கை தானாப் போகும்."

"தினமுமா?" என்று அக்கா கேட்டாள்.

"பின்ன? மாடில ரெண்டுலயும். காத்து போயி தண்ணி சீரா வர்ற வரைக்கும். ரெண்டு கிளாஸ், அவ்வளவுதான். இன்னிக்கு எல்லாம் ஜில்லுனு இருந்துது, அதனால ஒரு ஆறு கிளாஸ் விட்டேன்."

"அந்தக் கறுப்புக் கிளாஸ்!" அக்கா தலையில் கைவைத்தாள். "ஒரு மாசமா சோடா உப்பு போட்டுத் தேய்க்கிறேன்! காபிக் கறைன்னு நெனச்சேன்!"

"அத்தான், அங்க ஊருக்கே சுடுதண்ணி அனுப்புற கொதிநிலையத்துலேர்ந்து தண்ணி வந்துகிட்டே இருக்கும். ஊரே திறந்துவிட்டாலும் குறையாது. இங்க யாரு ஊத்துவா? உள்ள இருக்கிறதுதான் தண்ணி. நீங்க தினம் ரெண்டு கிளாஸ் எடுத்து ஊத்திட்டு, முள் ஏன் இறங்குதுன்னு என்னைத் திட்டுறீங்க!"

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டுக்குள் மனுஷன் ஒரு அளவு சிறுத்துப்போனதுபோல இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. வாசல் மணி அடித்தது.

ப்ரோனெக், பூட்ஸில் பனியோடு, தோளில் மின்சுத்தியலோடு நின்றார். "வணக்கம். எங்க ஒடைக்கணும்?"

நான் அத்தானைப் பார்த்தேன். மதுக்கடையில் பேசிய வாய், இப்போதும் அதுவே பேசட்டும் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"எங்கயும் வேணாம் ப்ரோனெக். சபினா போட்ட குழாய்ல ஒரு குறையும் இல்ல. மூணு மணி நேரம் முள் அசையல, நானே பார்த்தேன். தண்ணிய எறக்குனது நான்தான். தினம் காலைல ரேடியேட்டர்லேர்ந்து காத்த வெளிய விட்டேன். பத்தாவது மாடிப் பழக்கம்."

அப்படியே சொல்லிவிட்டார், ஒரு சொல் குறைக்காமல். என் காது மறுபடி சூடானது, இந்தமுறை கோபத்தில் அல்ல. இந்த மனுஷனை எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போனது.

ப்ரோனெக் விழுந்து விழுந்து சிரிப்பார், மாலைக்குள் ஊரே சிரிக்கும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சுத்தியலை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அதைச் செய்யக் கூடாதா?"

"தேவையில்லாம செய்யக் கூடாதுண்ணே. ஏன்?"

"நான் ஒம்பதாவது மாடிலேர்ந்து வந்தவன். தனி வீடு கட்டி மூணு வருஷமாச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை எல்லா ரேடியேட்டர்லயும் ஒரு வாளி எடுத்துடுவேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "போன குளிர்காலத்துல முள் நிக்கவே இல்லம்மா. ஒழுகுற இடத்தத் தேடி குளியலறைத் தரை பூராத்தையும் ஒடைச்சேன். அப்புறம் கூடத்தையும் ஒடைச்சேன். ஒண்ணும் கெடைக்கல."

அக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். அத்தான் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ப்ரோனெக்கின் தோளில் தட்டி, "திங்கக்கிழமை எங்க சபினாவ அனுப்புறேன், அவ பார்த்துக்குவா" என்றார்.

ப்ரோனெக் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாம்மா, கட்டாயம் வா. ஆனா வந்தா, காத்து டப்பா கெட்டுப்போச்சுன்னு சொல்லு, வால்வுன்னு சொல்லு, என்னத்தையாவது சொல்லு. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத."