தூண் சிங்கங்களுக்குக் கண்வலி வந்த ஆண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு, ஆவணி மாதத்தில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே வயலை ஒட்டி நிற்கும் மணற்கல் கோயிலின் தூண் சிங்கங்களுக்குக் கண்வலி வந்தது. முதலில் வாசல் தூணில் இருந்த சிங்கத்துக்கு வந்தது. அதன் பார்வை பட்ட எதிர்த்தூண் சிங்கத்துக்கு மறுநாள் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பிராகாரத்தில் இருந்த அத்தனை சிங்கங்களும் கண் சிவந்து, நீர் வடிந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு நின்றன.

அது உலகத்துக்கே கண்வலி வந்த காலம். ஆப்பிரிக்காவில் கிளம்பி, சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து கப்பலேறியது என்று பத்திரிகைகள் எழுதின. நிலாவுக்குப் போனவர்கள் காலோடு கொண்டுவந்த தூசு என்று டீக்கடையில் சொன்னார்கள். காஞ்சிபுரத்துக்கு அது மெட்ராஸ் பஸ்ஸில் வந்தது. அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாததால் பாதித் தறிகள் ஓய்ந்தன. பஸ் கண்டக்டரும் தாசில்தாரும் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். மகாபலிபுரம் பார்த்துவிட்டு இங்கே வரும் வெள்ளைக்காரர்களின் கார்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டன, பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் நின்றன. மணற்கல் கோயில் வாசலில் படம் விற்றவரும் இளநீர் விற்றவரும் வேறு வேலைக்குப் போனார்கள். கைடு ரிஷபதாஸ் மட்டும் போகவில்லை. அவர் போக முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது.

ரிஷபதாஸ் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிவன் கோயிலுக்குச் சமணன் கைடா என்று யாராவது கிண்டல் செய்தால், “சிங்கம் எங்க மகாவீரருக்கும் அடையாளந்தாம்பா. நான் சொந்தக்காரங்க வூட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கேன்” என்பார். வாசல் சிங்கத்தின் கன்னத்தைப் பிடித்து, மூக்கோடு மூக்கு வைத்து, கண்ணுக்குள் கண் பார்த்துவிட்டு, “நீங்க எங்க நின்னாலும் இது உங்களத்தான் பாக்கும்” என்று அவர் சொல்லும்போது வந்தவர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். தனக்குக் கண் உறுத்தத் தொடங்கிய அன்று அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பெங்களூரிலிருந்து ஒரு பஸ் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார். சிங்கத்தின் முன்னால் மட்டும், பழக்க தோஷத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மறுநாள் காலை அதன் கண்கள் சிவந்திருந்தன. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கே புரிந்தது.

மணற்கல்லுக்குத் தண்ணீர் ஆகாது. கண்ணீர் இறங்கிய வழியெல்லாம் கன்னத்தில் கோடு விழுந்தது, தொட்டால் மணல் கையோடு வந்தது, மீசைச் சுருள் ஒன்று கரைந்தே போனது. ஆயிரத்து இருநூறு வருஷ மழையைத் தாங்கிய முகங்கள் தங்கள் கண்ணீரைத் தாங்கவில்லை. பராமரிப்பு அதிகாரி காசிநாதன் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, மேலே எங்கோ கசிவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை எல்லா முகத்துக்கும் சிமெண்டு பூசிவிடலாம் என்றார். அவர் நல்ல மனிதர், அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

“சிமெண்டு பூசினா கண்ணே இருக்காது சார்” என்றார் ரிஷபதாஸ்.

“கண்ணு இல்லன்னா கண்ணீரும் இருக்காதுல்ல?” என்றார் காசிநாதன், தன் இடது கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே.

அன்று மாலை ரிஷபதாஸின் மனைவி சாந்திமதி அவரைப் படுக்க வைத்து, இமைகளின் மேல் குளிர்ந்த நந்தியாவட்டைப் பூக்களை வைத்தாள். கண்ணுக்கு அந்தப் பூ நல்லது என்று அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு செடி வைத்திருப்பார்கள். ஆனால் சாந்திமதி பூவைப் பறிக்க மாட்டாள். செடிக்கு வலிக்கும் என்று, கீழே ஒரு துணியை விரித்துவிட்டு, தானாக விழும் பூவையே எடுப்பாள். பூவுக்கு அடியிலிருந்து கணவர் தன் தவறைச் சொன்னார்.

“அதுங்களுக்கும் இதையே வெச்சாப் போவுது. அதுக்கா இப்டி அழுவுறீங்க?”

“அழுவல. கண்ணு வலி.”

மறுநாள் அவள் தன்னிடம் இருந்த பூக்களை வாசல் சிங்கத்துக்கு அடுத்த தூணில் வைத்துப் பார்த்தாள். ஒட்டும் இமையில் பூ நன்றாக ஒட்டிக்கொண்டது. மாலைக்குள் அந்தச் சிங்கத்தின் கண்ணீர் நின்றது. ஆனால் சிங்கங்கள் ஏராளம், செடி ஒன்று. அடுத்த நாள் காலை, விரித்த துணிக்குப் பக்கத்தில் சாந்திமதி காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டு நெசவாளர் மனைவி செல்லியம்மாள் வேலிக்கு மேலாகச் சிரித்தாள்.

“செடிய ஒரு உலுக்கு உலுக்கினா அத்தினியும் வுழப் போவுது. அது மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்துனுகிறியேம்மா!”

“அதுக்கே மனசு வரட்டும்கா.”

“நாளைக்கு வெள்ளிக்கெழம. அதுக்குள்ள வருமா மனசு?” என்று கேட்டுவிட்டுப் போன செல்லியம்மாள், போன வேகத்தில் தன் புருஷனின் வேட்டியை எடுத்து வந்து தன் வீட்டுச் செடிக்குக் கீழே விரித்தாள். பாதி கேலி, பாதி கேலியில்லை. அவளைப் பார்த்து அடுத்த வீட்டிலும் விரித்தார்கள், அதற்கடுத்த வீட்டிலும். அன்று நடுப்பகலில், காற்றே இல்லாத வேளையில், அந்தத் தெருவின் நந்தியாவட்டைச் செடிகள் எல்லாம் தங்கள் பூக்களை ஒரேயடியாக உதிர்த்தன. காலையில் மொட்டாக இருந்தவைகூட மலர்ந்து விழுந்தன. பெண்களுக்கும் கண்வலிதான். வீட்டுக்குச் சில பூக்களை வைத்துக்கொண்டு மீதியைக் கூடைகளில் எடுத்துக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி கோயிலுக்கு நடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சிமெண்டு மூட்டைகளோடு காசிநாதன் வந்தபோது அவருடைய இரண்டு கண்களும் திறக்க முடியாமல் ஒட்டிப்போயிருந்தன. கொத்தனார்தான் கையைப் பிடித்து இறக்கினார். சாந்திமதி அவரைத் தூணில் சாய்த்து உட்கார வைத்து, அவர் இமைகளிலும் பூ வைத்தாள்.

“சார், கலக்கட்டுமா?” என்று கேட்டார் கொத்தனார்.

“நான் பாக்காத வேலைக்கு எப்படிப்பா உத்தரவு குடுப்பேன்? கண்ணு தெறக்கட்டும்.”

பிராகாரம் முழுக்க வெள்ளைப் பூவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிங்கங்கள் நின்றன, நடுவில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். உச்சி வேளையில் பூக்கள் வாடி ஒவ்வொன்றாக விழுந்தன. காசிநாதன் கண்ணைத் திறந்தபோது சிங்கங்களும் திறந்தன. அவற்றின் கண்கள் பழையபடி மணல் நிறத்தில் இருந்தன. ஒரு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது.

வாசல் சிங்கம் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

“இதுக்கு மட்டும் இன்னா ஆச்சு?” என்றார் காசிநாதன். ரிஷபதாஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இந்த முறை மூக்கை ஒட்டாமல், ஓர் எட்டு தள்ளி நின்று கைகூப்பினார். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்பது சமணர்கள் வழக்கம். அந்த நாள் வர இன்னும் சில நாட்கள் இருந்தன. அவர் காத்திருக்கவில்லை. “தெரிஞ்சும் தெரியாமயும் நான் செஞ்சத மன்னிச்சுடு” என்றார். சிங்கம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. எல்லோரையும் பார்க்கும் அதே பார்வைதான். அது போதுமானதாக இருந்தது. ரிஷபதாஸ் படியில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

“இப்பவும் கண்ணு வலிதானாங்க?” என்று கேட்டாள் சாந்திமதி.

கசிவு நின்றுவிட்டது என்று காசிநாதன் மேலிடத்துக்குத் தெரிவித்தார், அது பொய்யில்லை. சிமெண்டு பக்கத்துக் குளத்துப் படிக்குப் பயன்பட்டது. தை மாதத்தில் பஸ்கள் வரத் தொடங்கின, இளநீர்க்காரரும் திரும்பி வந்தார். சிங்கங்களின் கன்னத்துக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. வருகிறவர்கள் அதையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு, கண்வலியோடு யார் வந்தாலும் வாசல் சிங்கம் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படி வந்தவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நிழலில் உட்கார வைத்து இரண்டு பூ கொடுப்பார்கள். அந்தப் பூவும் தானாக விழுந்ததுதான். கண்வலிக் காலத்தில் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கோயில் வழியாகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சிங்கம் கண்ணைத் திறந்திருந்தால் பிள்ளை நேரே பள்ளிக்கூடத்துக்குப் போகும், மூடிக்கொண்டால் வீட்டுக்குத் திரும்பி வரும். ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்டால், சிங்கம் கண்ணை மூடிக்கொண்டது என்று சொன்னால் போதும். அவர் வேறெதுவும் கேட்பதில்லை.