ஊதினால் ஓடு

விசில் சத்தம் கேட்டால் ஆட்டக்காரி அப்படியே நிற்க வேண்டும். பந்து மூக்குக்கு நேராக வந்தாலும் தொடக்கூடாது. மாஸ்டர் எங்கள் கல்லூரிக் கைப்பந்து அணியைத் திட்டித் திட்டி அப்படிப் பழக்கியிருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. உள்ளரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது நிலநடுக்கம் வந்தது. எங்களை வெளியே விரட்ட அவர் பதறிப்போய் விசிலை ஊத, நாங்கள் சமர்த்தாக நின்றுவிட்டோம். கூரையிலிருந்த விளக்குச் சட்டம், அணியிலேயே உயரமானவள் என்பதால் நாங்கள் நெட்டச்சி என்று கூப்பிடும் தோழியின் கால்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டர் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார். ஆட்டத்தை நிறுத்தக் கைதட்டுவார். விசில் ஊதினால் வாசலுக்கு ஓட வேண்டும். தினமும் ஊதினார், தினமும் ஓடினோம். ஒருநாள் வீட்டில் குக்கர் விசிலடித்ததற்கே நான் தெருவில் போய் நின்றேன். அம்மா கையில் கரண்டியோடு தேடிக்கொண்டு வந்தாள்.

பக்கத்துக் கல்லூரி அரங்கில் முதல் போட்டி. மாவுக்கட்டுக் காலோடு நெட்டச்சியும் வந்தாள். வாசலிலேயே தயங்கினாள்.

"மறுபடி தரை ஆடுச்சுன்னா என்னை யாருடி தூக்குவா?"

"நான் தூக்குறேன். உன்னை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன், போதுமா?"

"என் எடை தெரியும்ல?"

"தெரியும், தெரியும். வா."

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தேன். எங்கள் பக்கத்துக்கு நேர் மேலே விளக்குகள் தொங்கின.

"இன்னைக்கு நடுவர் ஊதுவாரு. அது வெறும் விசில். யாரும் ஓடக்கூடாது, புரியுதா?" என்றார் மாஸ்டர்.

நன்றாகத் தலையாட்டினோம். கால்களிடம்தான் யாரும் கேட்கவில்லை.

நடுவர் ஊதினார்.

நினைவு வந்தபோது வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஆறு பேருமே அங்கேதான் இருந்தோம். மாஸ்டரும் எங்கள் நடுவில் மூச்சிரைக்க நின்றார். தரை ஆடவே இல்லை. உள்ளே எதிரணிக் கூட்டம் கைகொட்டிச் சிரிப்பது கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது.

எனக்குப் பெஞ்சு ஞாபகம் வந்தது. உள்ளே ஓடினேன்.

நெட்டச்சி பெஞ்சில் இல்லை. ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் விழுந்து கிடந்தது. அவள் தரையில் கைகளை ஊன்றி, மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் ஆடலடி. வெறும் விசில்தான்."

"தெரியும்," என்றாள். "ஆடியிருந்தா?"

எனக்கு அழுகை வந்தது. எங்கள் அணியைத் திரும்ப அழைக்க நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அவர் ஊதுவதற்குள் என் கால்கள் எழுந்துவிட்டன. நெட்டச்சி என் சட்டையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.